பட்டம் இழுக்கும் படகு காற்றை எதிர்த்து எவ்வளவு ஏறும்?

2024 ஆகஸ்டில் பிரான்ஸின் மார்சேய் கடலில் நடந்த கைட் (பலகையில் நிற்பவரைப் பட்டம் இழுத்துச் செல்லும்) பந்தயங்களைக் கைபேசியில் பார்த்தவர்களில் பலர் ஒரே இடத்தில் குழம்பினார்கள். பாரிஸ் ஒலிம்பிக்கில்தான் இந்த விளையாட்டு முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. ஆண்களில் ஆஸ்திரியாவின் வாலண்டின் பொன்டுஸும் பெண்களில் பிரிட்டனின் எல்லி ஆல்ட்ரிட்ஜும் தங்கம் வென்றார்கள். சிங்கப்பூரின் 17 வயது மேக்ஸ் மேடர் வெண்கலம் வாங்கினார். பட்டம் ஒரு மனிதனைத் தண்ணீரின் மேல் இழுத்துக்கொண்டு போவது யாருக்கும் வியப்பில்லை. ஆனால் பந்தயத்தின் முதல் கட்டமே காற்று வருகிற பக்கம் மிதக்கும் ஒரு மிதவையை நோக்கிப் போவது. காற்று தள்ளுகிற பக்கம் பட்டம் போகும், சரி. காற்று வருகிற பக்கம் எப்படிப் போகும்?

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கடல் இல்லை. ஆனால் ஆடிக்காற்று உண்டு, காத்தாடி உண்டு, ஒகேனக்கல் பரிசல் உண்டு. இந்தக் கேள்விக்கு விடை சொல்ல இவை மூன்றும் போதும். விடையில் பெரும்பாலானோர் கவனிக்காமல் விடும் பகுதி ஒன்று உண்டு: காற்றை எதிர்த்து ஏறும் வேலையில் பாதி தண்ணீருக்குள் நடக்கிறது. பட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது கடைசி வரை மாயமாகவே தெரியும்.

## நேராக ஏறுவதில்லை

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். பாயோ பட்டமோ கட்டிய எந்தக் கலமும் காற்றின் முகத்துக்கு நேராகப் போவதில்லை. காற்று வரும் திசைக்கு இருபுறமும் குறிப்பிட்ட கோணம் வரை ஓட முடியாத வலயம் ஒன்று இருக்கிறது. சாதாரணப் பாய்மரப் படகுகளுக்கு இது ஒவ்வொரு பக்கமும் சுமார் 40 முதல் 45 பாகை. அந்த வலயத்தின் விளிம்பை ஒட்டி இடப்பக்கம் கொஞ்ச தூரம், பிறகு திரும்பி வலப்பக்கம் கொஞ்ச தூரம் என்று வெட்டி வெட்டித்தான் மேலே ஏற வேண்டும்.

வத்தல்மலைச் சாலை மலையேறுவதும் இப்படித்தான். பேருந்து உச்சியை நோக்கி நேராக ஏறாது. கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பித் திரும்பி, குறுக்கே ஓடி, ஒவ்வொரு ஓட்டத்திலும் கொஞ்சம் உயரம் சம்பாதிக்கும். சாலை செங்குத்தாக இருந்தால் தூரம் குறையும், ஆனால் வண்டி திணறும். சாய்வு குறைவாக இருந்தால் வேகம் வரும், ஆனால் தூரம் நீளும். பேருந்தின் வேகமானி காட்டுவது ஒன்று, அது உயரம் ஏறும் விகிதம் வேறொன்று. கடலிலும் இந்த இரண்டையும் பிரித்தே பார்க்க வேண்டும். காற்றின் முகத்தை நோக்கி எவ்வளவு வேகமாக நெருங்குகிறோமோ அதை இங்கே ‘ஏறுவேகம்’ என்று அழைப்போம். பந்தயத்தை வெல்வது அதுதான். பலகை எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதும், எவ்வளவு நெருக்கமான கோணத்தில் ஓடுகிறது என்பதும் தனித்தனியே எதையும் தீர்மானிப்பதில்லை.

## உணர்காற்று

காற்றே இல்லாத நாளில் தொப்பூர் கணவாயில் பைக்கில் இறங்கினாலும் முகத்தில் காற்று அடிக்கும். அது நாமே உண்டாக்கிய காற்று. பக்கத்திலிருந்து உண்மைக் காற்றும் வீசினால், இரண்டும் சேர்ந்து சற்று முன்பக்கத்திலிருந்து வருவதாக உணர்வோம். இதுதான் உணர்காற்று. பட்டத்துக்குத் தெரிவது இந்தக் காற்று மட்டுமே.

இதனால் இரண்டு விளைவுகள் உண்டு. வேகம் கூடக்கூட உணர்காற்றின் பலமும் கூடுகிறது, அதனால் இழுப்பும் கூடுகிறது. அதே நேரத்தில் அது மேலும் மேலும் முன்னாலிருந்து வரத் தொடங்குகிறது. முதலாவது உதவி, இரண்டாவது தடை. எங்கே இந்த இரண்டும் சமனாகின்றனவோ அங்கே வேகம் நிற்கும்.

## இரண்டு கோணங்களின் கூட்டல்

கட்டுரையின் மையம் இந்தப் பகுதி. கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும்.

காற்றில் பறக்கும் எதன்மீதும் இரண்டு விசைகள் செயல்படுகின்றன. காற்றோட்டத்துக்குச் செங்குத்தாக இழுப்பது தூக்குவிசை. காற்று போகும் பக்கமே இழுத்துச் செல்வது பின்னிழுப்பு. நல்ல இறக்கையில் தூக்குவிசை அதிகம், பின்னிழுப்பு குறைவு. இந்த இரண்டின் விகிதம்தான் அந்த இறக்கையின் தரம்.

இதை அளக்க ஆய்வகம் தேவையில்லை. ஆடி மாதம் ஏரிக்கரையில் பிள்ளைகள் விடும் காத்தாடியின் நூலைப் பாருங்கள். காத்தாடியின் எடையையும் நூலின் தொய்வையும் கணக்கில் எடுக்காமல் விட்டால், நூல் தரையோடு அமைக்கும் கோணமே அந்த விகிதத்தைச் சொல்லிவிடும்.

1. நூல் 45 பாகையில் நின்றால் தூக்குவிசையும் பின்னிழுப்பும் சமம். விகிதம் 1.
2. 63 பாகையில் நின்றால் விகிதம் 2.
3. ஏறக்குறைய தலைக்கு மேலே, 79 பாகையில் நின்றால் விகிதம் 5.

நீளமான வால் கட்டிய காத்தாடி தூரத்தில் தாழ்வாகத் தொங்குவதும், வாலில்லாத நல்ல காத்தாடி தலைக்கு மேல் ஏறி நிற்பதும் இதனால்தான். செங்குத்திலிருந்து நூல் விலகி நிற்கும் அளவை (விகிதம் 5 என்றால் 11 பாகை) பட்டத்தின் ‘இழப்புக் கோணம்’ என்று கொள்வோம்.

இப்போது தண்ணீருக்குள் வாருங்கள். பலகையின் விளிம்போ, அடியில் உள்ள துடுப்பு வடிவத் தகடோ, அதுவும் ஓர் இறக்கைதான். காற்றுக்குப் பதில் தண்ணீரில் பறக்கிறது. பட்டம் பக்கவாட்டில் இழுக்கும்போது அதை எதிர்த்துப் பிடிப்பது அதன் தூக்குவிசை. ஓட்டத்தைத் தடுப்பது அதன் பின்னிழுப்பு. ஆகவே அதற்கும் ஓர் இழப்புக் கோணம் உண்டு.

பட்டம் ஒரு பக்கம் இழுக்கிறது, தண்ணீர் எதிர்ப்பக்கம் இழுக்கிறது. சீரான வேகத்தில் ஓடும்போது இந்த இரண்டு இழுப்புகளும் ஒரே நேர்கோட்டில் எதிரெதிராக நிற்க வேண்டும். இந்த நிபந்தனையை வரைபடமாகப் போட்டுப் பார்த்தால் மிக எளிய முடிவு ஒன்று வருகிறது:

உணர்காற்றுக்கும் கலம் ஓடும் திசைக்கும் இடையிலான கோணம் = பட்டத்தின் இழப்புக் கோணம் + தண்ணீர்ப் பகுதியின் இழப்புக் கோணம்.

ஆங்கிலப் பொறியாளர் பிரெடரிக் லான்செஸ்டர் 1907-லேயே இதைச் சொல்லிவிட்டார். பாய்க்கும் இதே விதி, பட்டத்துக்கும் இதே விதி. கூட்டலில் இரண்டு உறுப்புகளுக்கும் சம மதிப்பு. பட்டத்தில் 5 பாகை சம்பாதிப்பதும் பலகையில் 5 பாகை சம்பாதிப்பதும் ஒன்றுதான். விலை உயர்ந்த பட்டத்தை வாங்கி மட்டமான பலகையில் கட்டுகிறவர்கள் இந்தக் கூட்டலைப் பார்ப்பதில்லை.

## பரிசல் ஏன் மேலே போகாது

ஒகேனக்கல் பரிசலில் உலகின் மிகச் சிறந்த பட்டத்தைக் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். பரிசல் வட்டம். அடியில் முதுகுக்கட்டை (பக்கவாட்டில் நழுவாமல் தண்ணீரைப் பிடிக்கும் நீளமான கட்டை) இல்லை, முன்பின் இல்லை. எந்தப் பக்கம் தள்ளினாலும் ஒரே மாதிரிதான் நகரும். அதாவது அதன் தண்ணீர்ப் பகுதிக்குத் தூக்குவிசையே கிடையாது, பின்னிழுப்பு மட்டும்தான். இழப்புக் கோணம் 90 பாகை. அதோடு பட்டத்தின் கோணமும் சேர்ந்தால் 90-ஐத் தாண்டிவிடும். கலம் காற்றோடு சேர்ந்து போகலாம், காற்றோடு போகும்போதே கொஞ்சம் பக்கவாட்டில் சாயலாம். அதற்கு மேல் எதுவும் முடியாது.

இது பரிசலின் குறை அல்ல. பாறை இடுக்குகளில் சுழன்று தப்பிக்க அந்த வட்டம்தான் தேவை. பரிசல்காரர் துடுப்பைப் பிடித்து எதிர்நீச்சல் போடுகிறாரே தவிர பாய் கட்டுவதில்லை என்பதற்குக் காரணம் கலத்தின் அடிப்பகுதியில் இருக்கிறது.

## பட்டத்தை எங்கே நிறுத்துவது

கைட் ஓட்டுகிறவர்கள் பட்டத்தைத் தலைக்கு மேலேயும் நிறுத்தலாம், தாழ்த்திப் பக்கவாட்டிலும் நிறுத்தலாம். கயிறு பொதுவாக 20 முதல் 24 மீட்டர் நீளம். பட்டத்தின் உயரம் எதிர்காற்றுக் கோணத்தைப் பெரிதும் மாற்றிவிடுகிறது. பட்டம் உயரத்தில் நின்றால் இழுப்பின் பெரும்பகுதி மேல்நோக்கிப் போகிறது. கிடைமட்டமாக மிஞ்சும் இழுப்பில் பின்னிழுப்பின் பங்கு கூடிவிடுகிறது.

விகிதம் 5 உள்ள பட்டத்துக்குக் கணக்குப் போட்டால் கிடைமட்ட இழப்புக் கோணம் இப்படி வருகிறது:

1. கயிறு தண்ணீரோடு 30 பாகையில் நின்றால் இழப்பு 13 பாகை.
2. 45 பாகையில் 16 பாகை.
3. 60 பாகையில் 23 பாகை. இது அடிப்படையான 11-ஐப் போல இரண்டு மடங்கு.

புதிதாகக் கற்பவர்கள் பயத்தில் பட்டத்தை உயரத்திலேயே வைத்திருப்பார்கள். பலகை மிதக்கும், ஓடும், ஆனால் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பவே முடியாது. மணலில் பலகையைத் தூக்கிக்கொண்டு நடந்து வருவார்கள். காற்று போதவில்லை என்று அவர்கள் சொல்வதை நம்ப வேண்டாம், பட்டத்தை 45-லிருந்து 60-க்கு ஏற்றியதால் கூடிய அந்த 7 பாகைதான் பெரும்பாலும் காரணம். மறுபக்கம், மிகவும் தாழ்த்தினால் மேல்நோக்கிய இழுப்பு குறைந்து ஓட்டுநரின் எடை முழுவதும் பலகை மேல் விழும். பலகையின் பின்னிழுப்பு கூடும். பந்தய வீரர்களின் கை இந்த இரண்டுக்கும் நடுவில் ஓயாமல் பேரம் பேசிக்கொண்டிருக்கும்.

இன்னொரு பெரிய குழப்பமும் இங்கேதான். பட்டத்தை நிறுத்தி வைக்காமல் எட்டு வடிவில் சுற்றிவிட்டால் இழுப்பு பல மடங்காகிறது. பட்டம் தானே காற்றைக் குறுக்கே வெட்டி ஓடி, தனக்கென்று பலமான உணர்காற்றை உண்டாக்கிக்கொள்கிறது. இந்தக் குறுக்கோட்ட விளைவை மைல்ஸ் லாய்டு 1980-ல் கணக்காக எழுதினார். பட்டத்தில் மின்சாரம் எடுக்கும் திட்டங்கள் பலவும் அதிலிருந்து வந்தவை. அப்படியானால் எதிர்காற்றிலும் சுற்றிவிட்டால் என்ன? பயன் குறைவு. சுற்றும்போது பலமான இழுப்பு கிடைப்பது காற்று போகும் திசைக்கு நேர் நடுவில். அந்த இழுப்பு நம்மைத் திரும்பக் காற்று போகும் பக்கம்தான் இழுக்கும். ஏறுவதற்கு வேண்டியது பக்கவாட்டு இழுப்பு. அதற்குப் பட்டத்தைக் காற்றுச் சாளரத்தின் (பட்டம் பறக்கக்கூடிய பரப்பின்) விளிம்பில் அசையாமல் நிறுத்த வேண்டும். புறப்படும்போது பலத்துக்காக ஒருமுறை சுற்றலாம், வேகம் வந்ததும் நிறுத்திவிட வேண்டும்.

## கணக்கு என்ன சொல்கிறது

இரண்டு கோணங்களின் கூட்டுத்தொகை தெரிந்தால் மிகச் சிறந்த ஏறுவேகத்தையும் அதற்கான திசையையும் பள்ளி முக்கோணவியலிலேயே கண்டுபிடிக்கலாம். உண்மைக் காற்றிலிருந்து ஓட வேண்டிய கோணம், 45 பாகையோடு கூட்டுத்தொகையில் பாதியைச் சேர்த்தால் கிடைக்கும். கீழே உள்ள விகிதங்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. காற்று 10 நாட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கி.மீ.

1. முதுகுக்கட்டை இல்லாத சாதாரண ஃபைபர் படகு, காற்றடைத்த பட்டம். பட்டம் 16 பாகை, படகு 45 பாகை, மொத்தம் 61. ஓடும் திசை காற்றிலிருந்து 75 பாகைக்கும் மேல். வேகம் 3 நாட்டுக்குக் கீழே. ஏறுவேகம் 0.7 நாட். மேலே ஏறுகிறது என்று காகிதத்தில் சொல்லிக்கொள்ளலாம், சிறு நீரோட்டம் வந்தால் அதுவும் போய்விடும்.

2. இருமுனைப் பலகை (இரண்டு பக்கமும் ஒரே வடிவில் உள்ள, கற்பவர்கள் அதிகம் பயன்படுத்தும் பலகை), காற்றடைத்த பட்டம். 16-உம் 14-உம் சேர்ந்து 30. ஓடும் திசை 60 பாகை. வேகம் காற்றின் வேகத்துக்குச் சமம், 10 நாட். ஏறுவேகம் அதில் பாதி, 5 நாட்.

3. நீரிறக்கைப் பலகை, பந்தயப் பட்டம். பலகை தண்ணீரை விட்டு மேலெழுந்து, கீழே கம்பத்தில் உள்ள சிறு இறக்கைகளில் மட்டும் ஓடும். பட்டம் விமான இறக்கை போல ஒல்லியானது. 8-உம் 7-உம் சேர்ந்து 15. ஓடும் திசை 52.5 பாகை. வேகம் 23 நாட்டுக்கு மேல். ஏறுவேகம் 14 நாட்.

மூன்றாவதைத் திரும்பப் படியுங்கள். 10 நாட் காற்றில், காற்று வரும் திசையை நோக்கி 14 நாட் வேகத்தில் நெருங்குகிறது. காற்றின் வேகத்தைவிடக் காற்றை எதிர்த்து ஏறும் வேகம் அதிகம். இதில் ஆற்றல் விதி எதுவும் மீறப்படவில்லை. காற்றுக்கும் தண்ணீருக்கும் இடையே வேக வேறுபாடு இருக்கிறது, அந்த வேறுபாட்டிலிருந்து ஆற்றல் எடுக்கப்படுகிறது. இரண்டு பக்கமும் இழப்பு குறைந்தால் எடுக்கும் அளவு கூடுகிறது.

கிருஷ்ணகிரி அணையின் நீர்ப்பரப்பில் காற்றுக்கு நேர் எதிரே 2 கி.மீ. தூரத்தில் ஒரு கரை இருப்பதாகக் கொண்டால், முதல் கலத்துக்கு ஒன்றரை மணி நேரம், இரண்டாவதுக்கு 13 நிமிடம், மூன்றாவதுக்கு நாலரை நிமிடம். காற்று ஒன்றே, தூரம் ஒன்றே.

இந்தக் கணக்கில் ஓர் ஏமாற்று இருக்கிறது. 10 நாட் காற்றில் சராசரி எடையுள்ள ஒருவருக்கு இருமுனைப் பலகை தண்ணீரில் ஏறி வழுக்கவே சிரமப்படும். வழுக்காத பலகைக்கு அந்த 14 பாகை கிடைக்காது. அதேபோல் பலத்த காற்றில் நீரிறக்கையின் வேகம் இதே விகிதத்தில் ஏறிக்கொண்டே போகாது. இறக்கையைச் சுற்றித் தண்ணீர் கொதிப்பதுபோல் குமிழியிடத் தொடங்கும், மேற்பரப்புக் காற்று கம்பம் வழியாக உள்ளே உறிஞ்சப்படும், பிடிப்பு அறுந்துபோகும். ஆகவே மேலே உள்ள எண்களை ஒப்பீட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

விற்பனை விளம்பரங்களில் ‘எங்கள் பட்டம் காற்றுக்கு 30 பாகை வரை ஏறும்’ என்பது போன்ற வாக்கியங்கள் வரும். உணர்காற்றுக்கு 30-ஆ, உண்மைக் காற்றுக்கு 30-ஆ என்று அதில் பெரும்பாலும் சொல்லமாட்டார்கள். மேலே உள்ள இரண்டாவது கலத்தைப் பாருங்கள். உணர்காற்றுக்கு 30 பாகையில் ஓடும் அதே பலகை உண்மைக் காற்றுக்கு 60 பாகையில் ஓடுகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. சோதிக்க எளிய வழி, ஜிபிஎஸ் கடிகாரத்தின் தடத்தைப் பார்ப்பது. இடப்பக்க ஓட்டத்துக்கும் வலப்பக்க ஓட்டத்துக்கும் இடையிலான கோணத்தை அளந்து இரண்டால் வகுத்தால் போதும். இருமுனைப் பலகையில் வருகிற 120 பாகை அகலத் தடம் விளம்பரத்துக்கு அழகாக இருக்காது.

## பாயைவிடப் பட்டம் மேலா

சில இடங்களில் மேல், சில இடங்களில் கீழ்.

பட்டத்தின் முதல் ஆதாயம் உயரம். தண்ணீரை ஒட்டிக் காற்று மெதுவாகவும், மேலே போகப்போக வேகமாகவும் வீசும். காற்றின் வேகம் உயரத்தின் 1/7 அடுக்காகக் கூடும் என்று பொறியாளர்கள் தோராயத்துக்குப் பயன்படுத்தும் விதிப்படி, 2 மீட்டரில் வீசுவதைவிட 20 மீட்டரில் காற்று ஏறக்குறைய 40 விழுக்காடு அதிகம்.

இரண்டாவது, சாய்வின்மை. பாய் உயரமான மரத்தில் கட்டப்பட்டிருப்பதால் படகைக் கவிழ்க்கப் பார்க்கும். அதைச் சமாளிக்க அடியில் ஈயமோ இரும்போ கட்டி எடை ஏற்ற வேண்டும். பட்டத்தின் கயிறு படகின் மட்டத்திலேயே கட்டப்படுவதால் கவிழ்க்கும் திருகல் மிகக் குறைவு. மேலும் பட்டம் கலத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கிறது. ஆனால் எடைதான் தேவையில்லையே தவிர, பக்கவாட்டுப் பிடிப்புக்கான தகடு கட்டாயம் தேவை. கைட் படகு கட்டிப் பார்க்கிறவர்கள் இதை மறந்தால் மேலே கணக்கில் பார்த்த ஃபைபர் படகின் கதிதான்.

பட்டத்தின் குறைகளும் சின்னதல்ல. கயிறுகளே காற்றில் பெரிய பின்னிழுப்பு. காற்றடைத்த பட்டத்தின் முன்விளிம்புக் குழாய் தடிமனானது, அது விகிதத்தைக் கெடுக்கும். காற்று திடீரென்று தணிந்தால் பாய் மரத்தில் தொங்கும், பட்டம் தண்ணீரில் விழும். எதிர்காற்றில் இந்த ஆபத்து இன்னும் மோசம். நீரிறக்கைக்காரரைத் தாங்கும் உணர்காற்றில் பெரும்பகுதி அவரே ஓடி உண்டாக்கியது. தடுமாறி வேகம் இழந்தால் காற்றும் சேர்ந்து போய்விடும். மார்சேயில் காற்று போதாமல் பந்தயங்கள் தள்ளிப்போனதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

## ஏன் இவ்வளவு தாமதம்

பட்டத்தை வண்டியிலும் படகிலும் கட்டும் ஆசை பழையது. பிரிஸ்டல் நகரப் பள்ளி ஆசிரியர் ஜார்ஜ் போக்காக் 1826-ல் பட்டம் இழுக்கும் வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். நான்கு கயிறுகளால் பட்டத்தைத் திருப்பி, காற்றுக்குக் குறுக்கேயும் வண்டியை ஓட்டினார். சாலை வரி குதிரைகளை எண்ணி வாங்கப்பட்ட காலம் அது. இந்த வண்டியில் குதிரையே இல்லாததால் வரி கேட்க முடியவில்லை என்று ஒரு கதை சொல்வார்கள். கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் அந்த வாதம் எடுபடாது.

1903-ல் சாமுவேல் கோடி பட்டம் இழுத்த சிறு படகில் கலேயிலிருந்து டோவருக்கு ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். சாதகமான காற்று வர அவர் காத்திருக்க வேண்டியிருந்தது. காரணம் இப்போது புரியும். பட்டமும் பின்னிழுப்பு மிகுந்தது, படகின் அடியும் அப்படியே. கூட்டல் எங்கோ போய் நின்றது.

மாற்றம் 1984-ல் தொடங்கியது. பிரான்ஸின் புரூனோ, டொமினிக் லெகைனூ சகோதரர்கள் முன்விளிம்பில் காற்றடைத்த, தண்ணீரில் விழுந்தாலும் மிதந்து மீண்டும் எழும்பும் பட்டத்துக்குக் காப்புரிமை கேட்டார்கள். விழுந்தால் எழலாம் என்ற நம்பிக்கை வந்த பிறகுதான் மக்கள் கரையை விட்டு நகர்ந்தார்கள். ஆனால் எதிர்காற்றில் பெரிய பாய்ச்சல் அதற்கும் பிறகு, நீரிறக்கை வந்தபோது நிகழ்ந்தது. அது பட்டத்தில் நடந்த மாற்றமே இல்லை.

வேகச் சாதனைகளை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 2017-ல் பிரான்ஸின் அலெக்ஸ் கைஸெர்க் 500 மீட்டர் தூரத்தில் சராசரி 57.97 நாட் வேகத்தில் கைட் பலகை ஓட்டினார். அதெல்லாம் காற்று பின்பக்கவாட்டில் வரும்படி வெட்டிய நேரான தடத்தில் நடப்பவை. அந்தப் பலகையை எதிர்காற்றில் ஏற்றினால் யாரும் கைதட்டமாட்டார்கள்.

## சரக்குக் கப்பலுக்கு உதவுமா

எரிபொருள் மிச்சம் என்ற பெயரில் அவ்வப்போது செய்தியில் வரும் விஷயம் இது. ஹாம்பர்க் நகர ஸ்கைசெயில்ஸ் நிறுவனத்தின் 160 சதுர மீட்டர் பட்டத்தோடு பெலூகா ஸ்கைசெயில்ஸ் என்ற சரக்குக் கப்பல் 2008 ஜனவரியில் தன் முதல் பயணத்தைத் தொடங்கியது. பட்டம் கப்பலுக்கு முன்னால், உயரத்தில், எட்டுப் போட்டபடி இழுக்கும்.

இங்கே எதிர்காற்று பற்றிய எதிர்பார்ப்பை உடனே கைவிட வேண்டும். கப்பல் எஞ்சினில் 12 நாட் ஓடுகிறது, 20 நாட் காற்று நேர் பக்கவாட்டில் வீசுகிறது என்றால், உணர்காற்று ஏற்கெனவே முன்னாலிருந்து 59 பாகைக்கு வந்துவிடுகிறது. காற்று 60 பாகையிலிருந்து வீசினால் உணர்காற்று 38 பாகை. எட்டுப் போடும் பட்டத்தின் சராசரி இழுப்பு காற்று போகும் பக்கமே சாய்ந்திருக்கும் என்று மேலே பார்த்தோம். இந்தக் கோணங்களில் அது கப்பலை முன்னே இழுப்பதைவிடப் பக்கத்தில்தான் அதிகம் இழுக்கும். ஆகவே கப்பல் பட்டம் என்பது பின்காற்றுக்கும் பின்பக்கவாட்டுக் காற்றுக்குமான துணை எஞ்சின். வழித்தடத்தில் அந்தக் காற்று எத்தனை நாள் கிடைக்கும் என்பதுதான் மிச்சத்தைத் தீர்மானிக்கும். பந்தயப் பலகையின் எண்ணைக் காட்டிக் கப்பலுக்கு வாதாடும் கட்டுரைகளைப் பார்த்தால் தாண்டிப் போய்விடலாம்.

## நம் அணைகளில் ஓட்ட முடியுமா

ஆடியில் அம்மியே பறக்கும் என்கிறோம், கிருஷ்ணகிரி அணையிலோ பஞ்சப்பள்ளியிலோ ஓட்டினால் என்ன என்று கேட்கும் இளைஞர்கள் உண்டு. காற்றின் அளவு பிரச்சினை இல்லை. காற்றின் சீர்தான் பிரச்சினை.

1. கடலில் காற்று தடையில்லாமல் வருகிறது. இங்கே குன்றுகளையும் பாறைகளையும் மரங்களையும் தாண்டி வருகிறது. தடையின் உயரத்தைப் போலப் பல மடங்கு தூரத்துக்குக் காற்று சுழன்று, விட்டுவிட்டு அடிக்கும். சராசரி 12 நாட் என்று கைபேசி காட்டினாலும், ஒரு நிமிடம் 4, அடுத்த நிமிடம் 20 என்றால் பட்டத்துக்கு அது பயனற்ற காற்று, ஆளுக்கு ஆபத்தான காற்று.

2. எதிர்காற்றில் ஏறத் தெரியாத ஒருவர் கடற்கரையில் தவறினால் மணலில் நடந்து திரும்பலாம். நீர்த்தேக்கத்தில் கீழ்க்காற்றுக் கரை (காற்று தள்ளிக்கொண்டு போகும் பக்கத்துக் கரை) பாறையாக இருக்கும், முள்ளாக இருக்கும், அல்லது அணையின் மதகுப் பக்கமாக இருக்கும். ஏறத் தெரியாமல் இருப்பது கடலில் அலுப்பு, இங்கே உயிருக்கு ஆபத்து.

3. 20 மீட்டர் கயிறு பறக்கும் இடத்தில் மின்கம்பி இருக்கவே கூடாது. நம் ஏரிக்கரைகளில் மோட்டார் கொட்டகைக்குப் போகும் கம்பி இல்லாத பக்கம் அபூர்வம்.

4. அணைகள் நீர்வளத் துறையின் பொறுப்பில் உள்ளவை. அனுமதியின்றி இறங்கக்கூடாது.

கற்க விரும்புகிறவர்களுக்குத் தமிழகத்திலேயே இடம் இருக்கிறது. ராமேஸ்வரம் தீவிலும் தூத்துக்குடிப் பக்கத்திலும் கைட் பயிற்சி நடக்கிறது. ராமேஸ்வரத்தின் வசதி, குறுகிய நிலத்தின் இருபுறமும் கடல் இருப்பது. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் ஒரு கரை, வடகிழக்குக் காற்றுக் காலத்தில் மறுகரை என்று மாற்றிக்கொள்ளலாம். புறப்பட்ட இடத்துக்கே ஓட்டித் திரும்பும் நிலை வரும்வரை ஒவ்வொரு பயிற்சியும் கீழ்க்காற்றுப் பக்கத்தில்தான் முடியும். எனவே பயிற்சி மையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பட்டம் எந்த நிறுவனத்தினுடையது என்பதற்கு முன்னால், மீட்புப் படகு இருக்கிறதா, பாடம் நடக்கும் நேரம் முழுவதும் அது தண்ணீரிலேயே நிற்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.